வயரா, வெயிலா?

கேரவன் என்றால் நம்மூரில் படப்பிடிப்பு நடக்கும் தெருவில், பக்கத்தில் ஜெனரேட்டர் உறும, நடிகர் ஓய்வெடுக்க நிற்கும் பெரிய வண்டி. இங்கிலாந்தில் அந்தச் சொல் பெரும்பாலும் வேறொன்றைக் குறிக்கும். எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்கிற ஒரு சின்ன வீடு. இரண்டு பேருக்குப் படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ், மூலையில் கழிப்பறை. விடுமுறை வந்துவிட்டால் இவற்றை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கும் மலைக்கும் போகும் கார்களால் கிராமத்துச் சாலைகள் ஊர்ந்து நகரும். பின்னால் வருபவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள். திட்டுகிறவர்களும் ஓய்வு பெற்றதும் ஒன்று வாங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தச் சின்ன வீட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இரண்டு வழி. ஒன்று, முகாமில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி இருக்கும். ஆரஞ்சு நிற வயரின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை அந்தப் பெட்டியிலும் செருகிவிட்டால் வீட்டில் இருக்கிற அதே 230 வோல்ட் மின்சாரம் வண்டிக்குள் வந்துவிடும். இதற்கு அங்கே 'ஹூக்-அப்' என்று பெயர். இன்னொன்று, எதிலும் செருகாமல், வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, கூரை மேல் ஒரு சோலார் தகடு, ஒரு வாயு சிலிண்டர், இவற்றை வைத்தே சமாளிப்பது. இது 'ஆஃப்-கிரிட்'.

எது நல்லது என்று கேட்டால் கேரவன்காரர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஹூக்-அப் கட்சிக்கு மற்றவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கும் பிடிவாதக்காரர்கள். ஆஃப்-கிரிட் கட்சிக்கு மற்றவர்கள் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வந்த இடத்தில் டிவி பார்ப்பவர்கள். இரண்டு பேருமே விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு குடும்பம் வேண்டும்.

லீட்ஸ் நகரத்தில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு, இப்படி எத்தனையோ பேர் உண்டு. அவருக்கு 68, அவர் மனைவிக்கு 66. வாங்கிப் பல வருடமான ஒரு கேரவன். வருடத்துக்கு 20 இரவு அதில் தங்குகிறார்கள். இதுவரை எப்போதும் ஹூக்-அப் உள்ள முகாம்தான். இந்த முறை மனைவிக்கு ஓர் ஆசை. நார்த்தம்பர்லாந்தில் கீல்டர் பக்கம் போய் நட்சத்திரம் பார்க்க வேண்டும். 2013இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட பகுதி அது. ஊர் வெளிச்சமே படாத வானம். அங்கே ஒரு பண்ணை வயலில் ஐந்தே ஐந்து வண்டி நிறுத்த இடம் பார்த்து வைத்திருக்கிறார். ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவைக் கொட்ட ஒரு இடம் உண்டு. மின்பெட்டி கிடையாது.

கணவர் தயங்குகிறார். காரணம் டிவி இல்லை. அவருக்கு ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும். இரவு முழுக்க முகமூடி மாட்டி, காற்றை மெல்ல அழுத்தித் தரும் 'சிபாப்' என்ற கருவியோடுதான் தூங்குகிறார். அது ஓட மின்சாரம் வேண்டும். ஓர் இரவு ஓடவில்லை என்றால் மறுநாள் முழுக்கக் கண் சொக்கும். இதில் சட்டமும் இருக்கிறது. பகலில் அதிகமாகத் தூக்கம் வருகிற அளவுக்கு இந்த நோய் உள்ளவர், சிகிச்சையால் அது கட்டுக்குள் இருந்தால் மட்டுமே பிரிட்டனில் வண்டி ஓட்டலாம். ஒன்றரை டன் வீட்டைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் அவர்தான்.

ஆக இந்த வீட்டில் வயரா வெயிலா என்ற கேள்வி ரசனை சம்பந்தப்பட்டதே அல்ல.

கொஞ்சம் பழைய கதை. இன்றைக்கு ஆஃப்-கிரிட் என்று புதுமை போலப் பேசப்படுவதுதான் உண்மையில் பழையது. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைப் பிரிஸ்டலில் செய்யச் சொல்லி வாங்கி, ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். கேரவன் கிளப் 1907இல் தொடங்கியது (2017இல் பெயரைக் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் என்று மாற்றிக்கொண்டது). கார் இழுக்கும் கேரவன்களை விற்பனைக்கென்று தயாரிக்க பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் 1919இல் ஆரம்பித்தது. இவர்கள் யாருக்கும் மின்பெட்டி தெரியாது. 1970களில்கூடப் பல வண்டிகளில் மாண்டில் கட்டிய வாயு விளக்குதான் எரிந்தது. நம் பெட்ரோமாக்ஸின் சின்னத் தம்பி. ஹூக்-அப் என்பது கடைசியாக வந்து குடும்பத்தையே கைக்குள் போட்டுக்கொண்ட மருமகள்.

அந்த ஐந்து வண்டி வயலுக்கும் ஒரு சட்டக் கதை உண்டு. 1960ஆம் ஆண்டு கேரவன் முகாம்கள் சட்டப்படி முகாம் நடத்த உரிமம் வேண்டும். ஆனால் விலக்குப் பெற்ற கிளப்புகள், தங்கள் உறுப்பினர்களுக்காக, ஐந்து வண்டி வரை நிற்கக்கூடிய இடங்களுக்குத் தாங்களே சான்று தரலாம். அதனால்தான் எங்கோ ஒரு விவசாயி ஆடு மேயும் வயலின் ஓரத்தில் ஐந்து கேரவன்கள் நிற்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு மின் இணைப்பு கிடையாது. அதனாலேயே வாடகை குறைவு, கூட்டம் குறைவு, வெளிச்சமும் குறைவு.

முதலில் வயரைப் பார்ப்போம். பிரிட்டிஷ் முகாம்களில் ஹூக்-அப் பெரும்பாலும் 16 ஆம்பியர். சில இடங்களில் 10. கடல் தாண்டி ஐரோப்பிய முகாம்களுக்குப் போனால் 6, அதற்கும் கீழே. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 16 ஆம்பியருக்கு 3,680 வாட். 10க்கு 2,300. 6க்கு 1,380. வீட்டிலிருந்து எடுத்துப்போகும் சாதாரண எலக்ட்ரிக் கெட்டில் மட்டுமே 3,000 வாட் இழுக்கும். 10 ஆம்பியர் முகாமில் அதைப் போட்டால் விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 'ட்ரிப்' ஆகிவிடலாம். மின்பெட்டி பூட்டியிருந்தால் மழையில் நனைந்தபடி முகாம் பொறுப்பாளரைத் தேடிப் போக வேண்டும். அவர் முகத்தில் 'இன்னும் ஒரு கெட்டிலா' என்று எழுதியிருக்கும். கேரவன் கடைகளில் 750, 1,000 வாட் கெட்டில் தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான்.

வயரையும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான வயர் 25 மீட்டர் நீளம், உள்ளே 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. மின்பெட்டி நாலு மீட்டரில் இருக்கிறதே என்று மிச்சத்தை உருளையில் சுற்றியபடியே விட்டுவிட்டு உள்ளே ஹீட்டரைப் போட்டால், சுற்றுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறையே உருகும். முழுக்கப் பிரித்து வண்டிக்கு அடியில் தளர்வாகப் போட்டுவிட வேண்டும். செருகும்போது முதலில் வண்டியில், பிறகு மின்பெட்டியில். எடுக்கும்போது முதலில் மின்பெட்டியில். இல்லாவிட்டால் உயிருள்ள முனை கையில் இருக்கும். இதையெல்லாம் ஒரு தடவை பழகிவிட்டால் வயர் கவலை இல்லாத ஏற்பாடு. தேவை எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம் பேட்டரி. கேரவனில் இருப்பது பெரும்பாலும் 100 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில பேட்டரி, நம் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தம்பி முறை. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஆனால் பாதிக்குக் கீழே காலி செய்தால் இதன் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆகவே கையில் இருப்பது 600தான். வங்கிக் கணக்கில் 1,200 இருந்தும் குறைந்தபட்ச இருப்பு 600 என்று கட்டிப்போட்ட மாதிரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் ஏறக்குறைய பாதி. ஆனால் விலை அதிகம், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

600 வாட்-மணியில் என்ன நடக்கும்? 3 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு, நாலு மணி நேரம்: 72. சின்ன டிவி மூன்று மணி நேரம்: 90. தண்ணீர் பம்ப் 50 வாட் என்றாலும் நாள் முழுதும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும்: 10. இரண்டு கைப்பேசி: 30. கூட்டினால் 202. அதாவது சோலாரே இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்ற கேலிக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது அதே பேட்டரியில் டீ போடலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, வீணாவதையும் சேர்த்தால், ஏறத்தாழ 110 வாட்-மணி வேண்டும். நாள் முழுக்க எரியும் விளக்குகளையும் டிவியின் ஒரு பகுதியையும் ஒரே கெட்டில் குடித்துவிட்டது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று, பாத்திரம் கழுவ ஒன்று... ஐந்து கெட்டிலில் பேட்டரி முடிந்தது. ஆங்கிலேயர்களுக்கு ஐந்து கெட்டில் என்பது பாதி நாள்.

இரண்டு கட்சியும் விட்டுவிடும் விஷயம் இதுதான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது கேள்வி. சூடும் குளிரும் எதிலிருந்து வருகின்றன என்பதே முதல் கேள்வி. வெளிச்சம், பேச்சு, பாட்டு, படம் இதெல்லாம் இப்போது காசுக்கு எட்டணா மின்சாரத்தில் நடந்துவிடுகிறது. கெட்டில், ஹீட்டர், ஹேர் டிரையர், டோஸ்டர், ஃப்ரிட்ஜ், இவைதான் விழுங்குகிற ஆட்கள். இவற்றை மின்சாரத்திலிருந்து வாயுவுக்கு மாற்றிவிட முடிந்தவர்களுக்கு மின்பெட்டி தேவையில்லை. மாற்ற முடியாதவர்கள் கூரை முழுக்கத் தகடு பதித்தாலும் தேவைதான்.

வாயுவின் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிலோ புரொபேனில் 13 யூனிட்டுக்கு மேல் வெப்பம் இருக்கிறது. 6 கிலோ சிலிண்டரில் சுமார் 80 யூனிட். ஈய-அமில பேட்டரியில் எடுக்கக் கூடியது 0.6 யூனிட். ஒரு சிலிண்டருக்கு ஈடாக 130 பேட்டரிக்கு மேல் வேண்டும். ஒரு பேட்டரி 25 கிலோ என்றால் மூன்று டன்னைத் தாண்டும். கேரவனே அதில் பாதி எடைதான். அடுப்பு, வெந்நீர், அறைச் சூடு மூன்றுக்கும் கேரவன்களில் வாயு ஏற்பாடு எப்போதுமே இருக்கிறது. பழைய மாதிரி ஃப்ரிட்ஜும் மூன்று வழியில் ஓடும்: வயரில், வண்டி ஓடும்போது காரின் 12 வோல்ட்டில், நிற்கும்போது வாயுவில். வாயுவில் ஓடினால் நாளைக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரைதான் செலவு. ஹூக்-அப்புக்குப் பழகிய பல பேர் வருடக்கணக்கில் அந்தக் குமிழை வாயுப் பக்கம் திருப்பியதே இல்லை.

குளிர்காலத்தில் சிலிண்டரின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பியூட்டேன் உறைநிலைக்குப் பக்கத்தில் வாயுவாக மாறாமல் திரவமாகவே உள்ளே கிடக்கும். புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை கிளம்பிவரும். பிரிட்டனில் நீலம் பியூட்டேன், சிவப்பு புரொபேன். இன்னொன்றும் சொல்லாமல் விடக் கூடாது. சூடு வேண்டும் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும், அணைந்தது போலத் தெரியும் கரி அடுப்பைக் கூடாரத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பதும் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அதைக் கண்டுபிடித்து அலறும் கருவியின் விலை ஒரு இரவு முகாம் வாடகையைவிடப் பெரிதாக இருக்காது.

சரி, லீட்ஸ் தம்பதிக்கு வருவோம். டீயும் சூடும் வாயுவுக்குப் போய்விட்டன. மிச்சம் சிபாப். சூடும் இல்லை, குளிரும் இல்லை, விடிய விடிய ஓடும் ஒரு சின்ன விசிறி. 30 வாட், எட்டு மணி நேரம்: 240 வாட்-மணி. இத்துடன் காற்றை ஈரப்படுத்தும் பாத்திரமும் சூடான குழாயும் சேர்ந்தால் 80 வாட்டைத் தொடும். அப்போது 640. ஒரே இரவில் பேட்டரி முடிந்தது. மறுபடியும் பாருங்கள், விழுங்குவது காற்றல்ல, சூடு. ஈரப்பாத்திரத்தை நிறுத்திவிட்டு ஓரிரு இரவு தூங்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இவருக்கு மருத்துவர் சரி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு மிச்சமும் செய்யலாம். 12 வோல்ட்டை இன்வர்ட்டர் வைத்து 230 ஆக்கி, கருவியின் அடாப்டர் அதை மறுபடி 24க்கோ 12க்கோ இறக்குவது, அரிசியை மில்லுக்கு அனுப்பி மாவாக்கி அதைத் திரும்பச் சோறாக்கப் பார்க்கும் வேலை. கருவிக்கென்றே விற்கும் 12 வோல்ட் இணைப்பு இருந்தால் அந்த வீண் இல்லை.

அடுத்தது வெயில். இங்கேதான் மனைவியின் ஆசைக்கும் கூரைத் தகட்டுக்கும் நேரடிச் சண்டை. வட இங்கிலாந்தில் ஜூன் மாதம் கூரையில் படுக்கை வாட்டில் பதித்த 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணி வரை தரும். சிபாப்பும் விளக்கும் அதிலேயே ஓடிவிடும். ஆனால் ஜூனில் கீல்டரில் நட்சத்திரம் ஏது? அந்த அட்சரேகையில் அப்போது நள்ளிரவிலும் வடக்கு வானம் வெளுத்தே இருக்கும். முழு இருட்டு வருவதே இல்லை. இருட்டு வேண்டுமானால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று போக வேண்டும். அக்டோபரில் அதே தகடு நாளைக்கு 100 கொடுத்தால் பெரிது. டிசம்பரில் 40, 50. நீண்ட பகலில் தகடு சம்பாதிக்கிறது, நீண்ட இரவில் விசிறியும் விளக்கும் செலவழிக்கின்றன. வரவு ஒரு பருவத்தில், செலவு இன்னொரு பருவத்தில். நடுவில் சேமித்து வைக்கப் பெட்டியோ மிகச் சின்னது.

அக்டோபர் நாள் ஒன்றுக்கு எழுதிப் பார்த்தால்: விளக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடி 90, பம்ப் 10, கைப்பேசி 30, டிவி இல்லை (வானம் இருக்கிறதே), வாயு ஹீட்டரின் சூட்டை வண்டிக்குள் பரப்பும் சின்ன விசிறிக்கு 90, சிபாப் 240. மொத்தம் 460. இரண்டு இரவுக்கு 920. கையில் இருப்பது பேட்டரி 600, தகடு 200, ஆக 800. துண்டு விழுகிறது 120. அந்த 120 எந்த நேரத்தில் விழும்? இரண்டாம் இரவு, விடியற்காலை நாலு மணிக்கு, அவர் ஆழ்ந்து தூங்கும்போது. டிவிக்கு மின்சாரம் போனால் எரிச்சல். இது அப்படியல்ல.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்றால், விடிய விடிய அதை ஓட்டிப் பக்கத்து வண்டிக்காரர் தூக்கத்தைக் கெடுத்து நட்சத்திரம் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பல முகாம்களில் அனுமதியும் இல்லை.

இனி பணம். வணிகவியல் பாடத்தில் முதல் பருவத்திலேயே வந்துவிடும் விஷயம்தான். ஹூக்-அப் மாறும் செலவு. போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. ஆஃப்-கிரிட் பெரும்பாலும் நிலையான செலவு. முதலிலேயே கொட்டிவிட வேண்டும், வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் தேய்மானம் ஓடும். கணவர் கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: பெரிய தகடு, நல்ல கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி, கூலி. மொத்தம் 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம் (இனி வரும் தொகைகள் எல்லாமே கணக்குக்காக வைத்தவை, அவரவர் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்). ஒரே முகாமில் மின்சாரம் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வாடகை வித்தியாசம் 6 பவுண்டு. வயர் இல்லாததால் கூடுதலாக எரியும் வாயு ஒன்றரை பவுண்டு. மிச்சம் இரவுக்கு நாலரை. 900ஐ நாலரையால் வகுத்தால் 200 இரவு. வருடத்துக்கு 20 இரவு போகிறவர்களுக்குப் பத்து வருடம். அவருக்கு அப்போது 78. லாப நஷ்டமில்லாப் புள்ளியைத் தொடும்போது கேரவனை இழுக்க ஆள் இருக்குமா என்பதே கேள்வி.

மனைவி வேறு கணக்கு வைத்திருக்கிறார். ஒப்பிட வேண்டியது பெரிய முகாமையும் பண்ணை வயலையும்தானே? முகாம் 35 பவுண்டு, வயல் 15. வித்தியாசம் 20, வாயு போக பதினெட்டரை. 900க்கு 49 இரவு போதும். இரண்டரை வருடம்.

ஒரே பட்டியல், ஒன்றில் பத்து வருடம், ஒன்றில் இரண்டரை. கூட்டல் கழித்தலில் இருவரும் சரி. ஆனால் அந்த 20 பவுண்டில் வெந்நீர்க் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், கல் பரப்பிய தரை, மழையில் சேற்றில் சிக்காத சக்கரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மின்சாரத்துக்கு மட்டும் 20 பவுண்டு யாரும் வாங்கவில்லை. குளியலறையை விட்டுக்கொடுத்ததால் வந்த மிச்சத்தை பேட்டரியின் சாதனையாக எழுதுவது கணக்கில் கொஞ்சம் ஏமாற்று. அதே சமயம், வயலில் நிற்பதற்கு அந்த பேட்டரிதான் நுழைவுச்சீட்டு என்றால் அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கணவருக்கு வெந்நீர்க் குளியல் பெரிது, மனைவிக்கு ஆளில்லாத வானம் பெரிது. ரூபாய் அணா பைசாவில் அதைத் தீர்க்க முடியாது.

2022இல் உக்ரைன் போரை ஒட்டி பிரிட்டனில் மின்கட்டணம் ஏறியபோது இந்தக் கணக்கு கொஞ்சம் ஆடியது. அதுவரை வாடகையிலேயே மின்சாரமும் அடங்கும், ஹீட்டரை நாள் முழுக்க ஓட்டிவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் செலவைச் சிக்கனக்காரர்களும் சேர்த்துச் சுமந்தார்கள். மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களில் அந்தக் குறை இல்லை. மீட்டர் உள்ள முகாமில் டீயையும் சூட்டையும் வாயுவுக்கு மாற்றிய தம்பதிக்கு ஹூக்-அப் செலவு சில்லறைதான். அப்போது 900 பவுண்டு பட்டியலின் நியாயம் இன்னும் மெலிந்துபோகும்.

ஆகவே பெரிய பட்டியலை இப்போதைக்கு ஓரம் வைக்கலாம். இவர்களுக்குத் துண்டு விழுவது 120 வாட்-மணி. அதற்கு லித்தியமும் பெரிய தகடும் எதற்கு? சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்த, 500 வாட்-மணி அளவுள்ள ஒரு தனி பேட்டரிப் பெட்டி போதும். கிளம்பும் முன் வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் செய்து, சிபாப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால் இரண்டு இரவு அதுவே பார்த்துக்கொள்ளும். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மூச்சுக்கு ஒதுக்கியதில் யாரும் கை வைக்க முடியாது. வீட்டுச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் தனித்தனி டப்பா வைப்பது போல. கேரவனை விற்றாலும் பெட்டி கையோடு இருக்கும், லீட்ஸில் கரண்ட் போனாலும் உதவும். மூன்றாம் இரவு? அது பெட்டியின் எல்லைக்கு வெளியே. குளிரில் பேட்டரி கொஞ்சம் குறைவாகவே கொடுக்கும், விளிம்பில் நிற்கக் கூடாது. இரண்டு இரவு வயல், மூன்றாவது இரவு மின்பெட்டி உள்ள முகாம், அங்கே எல்லாவற்றுக்கும் சார்ஜ், வெந்நீர்க் குளியல், பிறகு வீடு. மனைவிக்கு வானம், கணவருக்குக் குளியலறை.

டிசம்பரில் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வயர்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் காகிதத்தில் 30 வாட் என்று எழுதியதை நம்பி 68 வயதுக்காரரை வயலுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அவர் கருவி 30 இழுக்கிறதா 45 இழுக்கிறதா, பழைய பேட்டரியில் உண்மையிலேயே 100 ஆம்பியர்-மணி மிச்சம் இருக்கிறதா என்பது கீல்டரில் தெரிய வேண்டிய விஷயமல்ல. அதனால் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு இருவரும் தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கேரவனிலேயே படுக்கிறார்கள். ஆரஞ்சு வயர் சுவரோரம் பிரிக்காமல் கிடக்கிறது. பேட்டரிப் பெட்டி இன்னும் வாங்கவில்லை. சோதனை முழுக்க வண்டியின் பழைய பேட்டரிக்குத்தான். விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி, ஈரப்பாத்திரம் இல்லாத சிபாப், எல்லாம் வயலில் ஓடப்போகிறபடியே. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் ஏதோ சண்டை போல என்று நினைத்துக்கொள்கிறார்.

காலையில் எதையும் இயக்காமல் அரை மணி நேரம் விட்டு மீட்டரைப் பார்த்தால் 12.3 வோல்ட். பாதிக்கு மேலே நிற்கிறது. அவர் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, முகமூடி அச்சு விழுந்த கன்னத்தைத் தடவியபடி, கழுவிய கெட்டிலை வாயு அடுப்பில் ஏற்றுகிறார். மனைவி பண்ணைக்கு ஃபோன் செய்கிறார், அக்டோபரில் அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு கிடைக்குமா என்று.